ராத்திரி ரெண்டு மணித் தாலாட்டு

ராத்திரி ரெண்டு மணி. தூக்கம் வரவில்லை. மறுநாள் வேலை, அனுப்பாத பதில், யாரோ சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் தலைக்குள் வரிசைகட்டி நின்றன. சரி என்று போனில் ஒரு பழைய நாட்டுப்புறத் தாலாட்டைப் போட்டேன். பின்னணி இசை கிடையாது. வயதான ஒரு அம்மாவின் குரல், நடுவே அவர் மூச்சு வாங்கும் சத்தம், தொட்டில் கயிறு கிறீச்சிடுவது, அவ்வளவுதான்.

'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். 'ஆராரோ'வில் அர்த்தம் தேடினால் பெரிதாக ஒன்றும் சிக்காது. நாக்கு உருளும் அந்தச் சத்தம்தான் வேலையைச் செய்கிறது. தொட்டில் போய்த் திரும்பும் நேரம்தான் தாளம். கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அந்தக் கணக்குக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் வரிகளைக் கவனித்தேன். அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தது என்று கேட்டு, அத்தை, மாமன் என்று ஒவ்வொருவராக இழுக்கிறார். அடித்ததும் பூச்செண்டாலாம்! பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? புகுந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் தொட்டிலிடம் கொட்டியிருக்கிறார்கள்.

அந்த அம்மா மாமன் சீரை அடுக்க ஆரம்பித்தார். வெள்ளிச் சங்கு வரை கேட்ட ஞாபகம். விடிந்தபோது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.