உபுண்டுவை நீக்கியும் சி டிரைவில் சேர மறுத்த 120 ஜிபி

"முழுசா ஃபார்மட் அடிச்சாத்தாண்ணே அந்த இடம் வரும். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல." விண்டோஸோடு வைத்திருந்த உபுண்டுவை (லினக்ஸ் வகை இயங்குதளம்) அழித்தும் அதன் 120 ஜிபி இடம் சி டிரைவில் சேரவில்லை என்று காரைக்குடியில் ஒரு கடையில் லேப்டாப்பைக் காட்டியபோது கிடைத்த பதில் இது. அந்த டேட்டா என்பது ஐயா காலத்து பர்மாக் கணக்கு நோட்டுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்தது. அதை அழித்துத்தான் இடம் வாங்க வேண்டும் என்றால் அந்த இடமே வேண்டாம் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தானுக்கு பஸ் ஏறியாயிற்று. ஃபார்மட் எதுவும் தேவைப்படவில்லை. 120 ஜிபியும் சி டிரைவில் சேர்ந்துவிட்டது, ஒரு ஸ்கேன்கூடப் போகவில்லை. வேறு யாரும் அந்த வார்த்தையை நம்பி டிஸ்க்கைத் துடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 476 ஜிபி. விண்டோஸ் 10 இருந்தபோது சி டிரைவைச் சுருக்கி உபுண்டு போட்டது. பிறகு விண்டோஸ் 11-க்கு மாறியது. உபுண்டு இனி வேண்டாம் என்றானதும் அதில் இருந்த கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தாயிற்று. உபுண்டுவின் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது என்பதால் இதை உபுண்டுவுக்குள் இருந்தபடியேதான் செய்ய வேண்டும்.

அடுத்து நேராக விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் (டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் கருவி) போய் டெலீட் வால்யூமை அழுத்திவிடாதீர்கள். கணினி கிளம்பும்போது முதலில் வருவது உபுண்டுவின் கிரப், அதாவது எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியல் காட்டும் நிரல். உபுண்டு பகுதி அழிந்துவிட்டால் கிரப் தன் பட்டியலைக் கண்டுபிடிக்க முடியாமல் கருப்புத் திரையில் வெறும் எழுத்துகளோடு நின்றுவிடும். விண்டோஸே போய்விட்டது என்று பலர் பதறிக் கடைக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். முதலில் பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் கணினியின் அமைப்புத் திரை) நுழைந்து, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள். ஒருமுறை அணைத்துப் போட்டு, கிரப் வராமல் விண்டோஸ் நேராக வருகிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டவர்களும் பயப்பட வேண்டாம். எஃப்12 அல்லது எஃப்9 (லேப்டாப்பைப் பொறுத்தது) அழுத்தினால் வரும் பூட் மெனுவிலேயே விண்டோஸ் இருக்கும்.

பயாஸைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. டிஸ்க்கை ரகசியக் குறியீடாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்களில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருப்பது சகஜம். பூட் அமைப்பு மாறியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோய், மீட்பு எண்ணாகக் கொடுத்த பழைய சிம்மும் கையில் இல்லை என்றால் டேட்டாவை மறந்துவிட வேண்டியதுதான்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உபுண்டு பகுதியை அழிப்பது ஒரு நிமிட வேலை. டிரைவ் எழுத்து, ஃபைல் சிஸ்டம் பெயர் எதுவும் இல்லாமல் இருப்பது அது. அளவை ஒத்துப்பார்த்து அழித்தால் போதும். ஈஎஃப்ஐ என்று எழுதியிருக்கும் 100 எம்பி துண்டும் சின்னதாகத்தான் தெரியும், கணினி கிளம்பத் தேவையான கோப்புகள் அதில்தான் இருப்பதால் அதைத் தொடவே கூடாது.

தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 120 ஜிபி கருப்புப் பட்டையாக, அன்அலோகேட்டட் என்று கண்ணெதிரே இருக்கிறது. சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. கடைக்காரர் ஃபார்மட் என்று கைவிரித்ததும் இதைப் பார்த்துத்தான்.

காரணம் சின்னது. காலி இடம் சி டிரைவுக்கு வலப்பக்கத்தில், இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டி இருந்தால்தான் விண்டோஸ் அதைச் சேர்க்கும். இங்கே இரண்டுக்கும் நடுவில் 700 எம்பி சொச்சத்தில் ஒரு ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கிளம்பாதபோது மீட்க உதவும் பகுதி). விண்டோஸ் 11-க்கு மாறும்போது பழைய ரெகவரி பகுதியில் இடம் போதாவிட்டால், அப்டேட் சி டிரைவின் கடைசியிலிருந்து கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். உபுண்டு அதற்கு முன்பே வலப்பக்கம் குடியேறிவிட்டதால் புதியது இடையில் மாட்டிக்கொண்டது. நம் செட்டிநாட்டு வீடுகளில் நமக்குச் சேர்ந்த இரண்டு அறைகளுக்கு நடுவே பங்காளியின் பூட்டிய அறை நிற்குமே, அதே நிலைமை.

வெறுமனே இடம் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கருப்புப் பட்டையில் நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்தால் டி டிரைவாக வந்துவிடும். ஸ்கேன்களையும் படங்களையும் அதற்கு மாற்றிவிட்டால் சி டிரைவுக்கும் மூச்சு வரும். சி டிரைவே பெரிதாக வேண்டும் என்றால் நடுவில் நிற்பதை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ரீஏஜென்ட்சி கட்டளையை இன்ஃபோ என்ற சொல்லோடு (reagentc /info) கொடுங்கள். ரெகவரி எந்த எண் பார்ட்டிஷனில் இயங்குகிறது என்று காட்டும். டிஸ்க்கின் கடைசியில் பழைய ரெகவரியும் கிடந்தால் எது உயிருள்ளது என்று இதை வைத்துத்தான் தெரியும். பிறகு அதே கட்டளையை டிசேபிள் (reagentc /disable) என்று கொடுத்தால், மீட்புக் கோப்பு சி டிரைவுக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, ரெகவரி என்ற ஃபோல்டருக்கு வந்துவிடும். அது மறைந்திருக்கும் கோப்பு என்பதால், அந்த ஃபோல்டருக்குப் போய் டிஐஆர் கட்டளையோடு /ஏ சேர்த்துப் (dir /a) பாருங்கள். வின்ஆர்இ (winre.wim) என்ற பெயரில் இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

இனி விண்டோஸை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பால் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதி தூக்கத்தில் இருக்கும். உபுண்டு நிறுவப் பயன்படுத்திய அதே பென்டிரைவில் 'டிரை உபுண்டு' வழியாக உள்ளே போய், டிஸ்க் பகுதிகளை நகர்த்தும் நிரலான ஜிபார்ட்டட் திறந்தால் (இல்லாவிட்டால் அங்கேயே நிறுவிக்கொள்ளலாம்) செக்யூர் பூட்டை (பயாஸில் உள்ள பாதுகாப்பு அமைப்பு) அணைக்க வேண்டியதே இல்லை. ரெகவரி பகுதியை ரீசைஸ்/மூவ் எடுத்து, அளவை மாற்றாமல் வலக்கோடி வரை இழுங்கள். 'ஃப்ரீ ஸ்பேஸ் ஃபாலோயிங்' பூஜ்யம் ஆக வேண்டும். பூட் ஆகாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். நாம் தொடுவது விண்டோஸ் இருக்கும் பகுதி இல்லை என்பதால் அப்ளை கொடுத்துத் தொடரலாம். 700 எம்பி என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

ஜிபார்ட்டட் வைத்து சி டிரைவையே நகர்த்தச் சொல்லி யாராவது வழிகாட்டினால் கேட்காதீர்கள். முன்னூறு ஜிபிக்கு மேல் நகர மணிக்கணக்கில் ஆகும், இடையில் கரண்ட் போய் பேட்டரியும் கைவிட்டால் எல்லாம் போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்காருவது ரெகவரியை நகர்த்தும் சின்ன வேலைக்கும் நல்லது.

விண்டோஸுக்குத் திரும்பியதும் எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிரோடு இருந்தது! இரண்டு முறை நெக்ஸ்ட், பிறகு ஃபினிஷ், அவ்வளவுதான். இந்தக் கட்டம் விண்டோஸுக்குள்ளேயே நடப்பதால் பிட்லாக்கர் இருந்தாலும் பிரச்சினை இல்லை. முடிந்ததும் ரீஏஜென்ட்சியை எனேபிள் (reagentc /enable) என்று கொடுத்து, இன்ஃபோ போட்டுப் பார்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் என்றாவது விண்டோஸ் கிளம்பாத நாளில் மீட்புத் திரை வராது.

பூட் மெனுவில் உபுண்டு பெயர் இன்னமும் உறுத்தினால், மவுண்ட்வால் கட்டளையால் (mountvol S: /S) ஈஎஃப்ஐ பகுதிக்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து, உள்ளே உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழிக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் மைக்ரோசாஃப்ட், பூட் ஃபோல்டர்களில் கை வைக்கக் கூடாது.

விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (இந்தியாவில் உருவான லினக்ஸ்) சேர்ந்து வந்த பழைய அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க் என்றால் கிரப் டிஸ்க்கின் முதல் செக்டாரிலேயே உட்கார்ந்திருக்கும், பூட் வரிசையை மாற்றிப் பயனில்லை. விண்டோஸ் பென்டிரைவில் கிளப்பி, கமாண்ட் பிராம்ப்டில் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் (bootrec /fixmbr) கொடுத்த பிறகே லினக்ஸை அழியுங்கள். லினக்ஸ் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் (உள்ளே பல டிரைவ்களை வைத்துக்கொள்ளும் பெரிய பகுதி) இருந்தால், அழித்த இடம் கருப்பாக வராமல் பச்சையாக 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். அதற்குள் வேறு டிரைவ் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்தப் பச்சையையும் ஒருமுறை டெலீட் செய்தால்தான் கருப்பாகும், எக்ஸ்டெண்டும் வேலை செய்யும்.