கொல்லைக் கதவு

இன்று காலையும் கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, முதுகில் பள்ளிப் பை குலுங்க, தெருப் பிள்ளைகள் எங்கள் செம்பூர் வீட்டுத் தோட்டத்தின் குறுக்கே ஓடினார்கள்.

கடைசியாக வந்த சிறுமி மட்டும் சற்று நின்று, மழையில் சாய்ந்து கிடந்த கறிவேப்பிலைக் கன்றை நிமிர்த்தி, அடியில் ஈரமண்ணைக் காலால் அணைத்துவிட்டு, "வரேன் பாட்டி" என்று சொல்லிப் போனாள்.

கதவைப் பூட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகப் பாவித்து நடந்த வழிக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வழியுரிமை தந்துவிடும் என்பது அவருடைய கவலை. ஆனால், உரிமையாளரின் அனுமதியோடு நடப்பவர்களுக்கு அவ்வுரிமை பிறப்பதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நான் மனமார அனுமதி கொடுத்திருக்கிறேன்.

பூட்டினால் அவர்கள் ஆட்டோவும் பேருந்தும் நெருக்கும், நடைபாதையே இல்லாத சாலையைத்தான் சுற்றிப் போக வேண்டும். அதை எப்படி மனம் ஒப்பிச் செய்வது?

எனக்கிருக்கும் பயமெல்லாம் தோட்டத்து மூலையிலுள்ள பழைய கிணற்றைப் பற்றியதுதான். அதற்கு இரும்புக் கம்பி மூடி போட, நாளை வெல்டிங்காரர் அளவெடுக்க வருகிறார்.