பான்னம்மா எங்கே பானாள்?

நாவலை எழுதி முடித்துவிட்டு அபிப்பிராயம் கேட்பவர்கள் புத்திசாலிகள். நான் கதைக்கருவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேட்கக் கிளம்பினேன். ஐந்து மாதம் போயிற்று. பஸ், ஜெராக்ஸ், தபால் என்று ஆயிரத்து எழுநூறு ரூபாயும் போயிற்று. செங்கோட்டையில் மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு அது சின்னக் காசு இல்லை.

எனக்கு ஊர் புளியரை. இங்கிருந்து எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் தாண்டினால் கேரளா. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அன்றைக்கு நாங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தோம், மலைக்கு மேற்கே ஆரியங்காவு கேரளத்தோடு நின்றது. என் கரு இதுதான்: ஆரியங்காவில் வாழ்க்கைப்பட்ட பொன்னம்மாவும் செங்கோட்டையில் இருக்கும் அவள் அண்ணனும் ஒரே ராத்திரியில் இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். நடுவில் எல்லை. பதினோரு வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

வீட்டிலும் கடையிலும் சொன்னேன். எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்றார்கள். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் உடனே அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுங்கள். அதில் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் பிரிண்ட். கதைச்சுருக்கமும் முதல் அத்தியாயமும் சேர்த்து 22 பக்கம், எல்லாம் செல்போனில் அடித்தது. பிரிண்ட் போடும் அண்ணன் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். “சின்னப் புத்தகம் மாதிரி மடிச்சுத் தாரேன்” என்று ஆசை காட்டி, ஃபைலை பேஜ்மேக்கர் என்ற பழைய அச்சு மென்பொருளில் போட்டார். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. “இது யூனிகோடு, இதுக்கு ஆகாது” என்று ஏதோ கன்வெர்ட்டரில் கொடுத்து எழுத்தை மாற்றினார். தமிழ் வந்தது. நானும் மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்து பிரதிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தால், கொம்பு வரவேண்டிய இடத்தில் எல்லாம் கொம்பைக் காணோம். ‘பொன்னம்மா போனாள்’ என்பது ‘பான்னம்மா பானாள்’ என்று இருந்தது. அண்ணன் தங்கையிடம் ‘காபம்’ கொள்கிறான். திரும்பக் கொண்டுபோனால், “அர்த்தம் புரியுதுல்லா?” என்றார். செல்போனிலேயே பிடிஎஃப் ஆக்கி, அதைத்தான் கடையில் கொடுக்கவேண்டும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இப்போது நான் சொல்கிறேன்.

இன்னொரு முறை பிரிண்ட் போடக் கையில் காசில்லை. அந்தப் பிரதியையே தூக்கிக்கொண்டு, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் போனேன். பெயர் வேண்டாம். முதல் தடவை போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை வாங்கி வைத்துக்கொண்டு, “ரெண்டு வாரம் கழிச்சு வாம்மா” என்றார். மூன்று வாரம் கழித்துப் போனேன். முக்கால் மணி நேரம் பேசினார், அத்தனையும் அவர் எழுதிக்கொண்டிருக்கும் தன்வரலாற்றைப் பற்றி. கிளம்பும்போது நானே கேட்டேன், “ஐயா, என் கதை?”

“ஆங், படிச்சேன். வட்டார வழக்கு நல்லா வந்திருக்கு. பானாள், வந்தாள்னு பேச்சு நடை அப்படியே பிடிச்சிருக்க.”

பிரதியைத் திருப்பித் தந்தார். முதல் பக்கத்தில் காபி டம்ளர் வட்டம் ஒன்று அழகாகப் பதிந்திருந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

இதற்கு நடுவில் திருட்டுப் பயம் வேறு. “கருவை எல்லாரிடமும் சொல்லிட்டுத் திரியாதே, சினிமாக்காரன் தூக்கிருவான்” என்று கடை முதலாளி கிளப்பிவிட்டார். தனக்குத்தானே ரிஜிஸ்தர் தபால் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தால் அதுவே சாட்சி என்றும் யோசனை சொன்னார். செய்தேன். தபால்காரர் வீட்டு வாசலில் நின்று உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அனுப்பினதும் நீதான், வாங்குறதும் நீதானா?” என்றார். தெருவே கேட்டது.

வக்கீலாக இருக்கும் சித்தப்பாவிடம் அந்த உறையைக் காட்டியதும், “பரணில் போடு” என்றார். வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட விஷயம். எழுதியதற்கு உரிமை எழுதும்போதே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. வேண்டுமானால் 500 ரூபாய் கட்டிப் பதியலாம், ஆனால் பதிய முதலில் நாவல் வேண்டும். “நீ இன்னும் எழுதவே இல்லையேட்டி, எதைத் திருடுவான்?” என்று கேட்டார். நியாயம்தான்.

நூலகத்தில் மாதாமாதம் நடக்கும் வாசிப்புக் கூட்டத்திலும் கருவைச் சொன்னேன். ஒருவர் அரசியல் போதாது என்றார், ஒருவர் அரசியல் தூக்கல் என்றார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்த நூலக உதவியாளர் அக்கா ஒரு விஷயம் சொன்னார். “22 பக்கத்தை யாரும் படிக்கமாட்டாங்க. ஒரே ஒரு பக்கம் கொடு. கையில பென்சிலும் கொடு. எந்த வரியில அலுப்புத் தட்டுதோ அங்க கோடு போட்டுட்டு நிறுத்திருங்கன்னு சொல்லு. நல்லா இருக்கான்னு மட்டும் கேக்காதே.” ஐந்து மாதத்தில் உருப்படியாகக் கிடைத்த முதல் யோசனை. கூடவே, ஆரியங்காவில் அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் வீட்டுக்கு வழியும் சொன்னார். 1956இல் பாட்டிக்குப் பன்னிரண்டு வயதாம்.

ஒரு பக்கமாகச் சுருக்கினேன். கொம்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு வழியாகப் போகும் புனலூர் பஸ்ஸில் ஏறினேன்.

பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்கத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தார். பென்சிலுக்கு வேலை இல்லை. இடிக்கிற சத்தம் நின்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

முதலில் நின்றது, பொன்னம்மா பத்து பைசா கொடுத்து முறுக்கு வாங்கும் இடத்தில்.

“பைசாவா? அன்னைக்கு ஏது மோளே பைசா? அணால்லா.”

பிறகு பார்த்தேன், நயா பைசா வந்ததே 1957 ஏப்ரலில். அடுத்து, அண்ணன் இரண்டு கிலோ அரிசி கொடுத்துவிடுகிறான். மறுபடி சத்தம் நின்றது. அங்கே நாழி, இடங்கழி, பறைதான் அளவு. கிலோ சட்டப்படி நடைமுறைக்கு வரத் தொடங்கியதே 1958 கடைசியில்தான். ஒரே பக்கத்தில் இரண்டு தப்பு. பேராசிரியர் வீட்டில் 22 பக்கம் இருந்து ஒன்றுகூட மாட்டவில்லை.

எல்லை வந்து அண்ணனும் தங்கையும் பிரிகிற இடம் வந்தபோது உலக்கையையே கீழே வைத்துவிட்டார்.

“எதுக்குப் பாக்க முடியல?”

“எல்லை போட்டுட்டாங்கல்ல பாட்டி.”

“எல்லைன்னா வேலியா கட்டினாங்க? ரயிலு எப்பவும் போல ஓடிச்சு. காலையில எல்லைக்கு அந்தப் பக்கம் பகவதிபுரம் போய்க் கல்யாணத்துல சோறு தின்னுட்டு ராத்திரி வந்துருவோம். உன் பொன்னம்மாவுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லையா, இல்ல அண்ணன்கூடப் பிணக்கா?”

என் நாவல் அந்தத் திண்ணையிலேயே படுத்துவிட்டது. எனக்கு முகம் சுண்டிப்போனது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். பாட்டி கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எல்லை எங்களுக்கு அன்னைக்குத் தெரியல. அரிசி வந்தப்பத்தான் தெரிஞ்சது.”

அறுபதுகளில் கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கிடைக்கவே இல்லை. பாட்டியும் அவர் வயதுப் பெண்களும் செங்கோட்டையில் அரிசி வாங்கி, துணிப்பையில் போட்டு வயிற்றில் கட்டிக்கொண்டு கரி ரயிலில் ஏறுவார்களாம். பகவதிபுரம் தாண்டினால் பெரிய குகை. வண்டி குகைக்குள் நுழைந்ததும் பெட்டிக்குள் இருட்டும் புகையும். அந்த இருட்டில் அவிழ்ந்த முடிச்சை இறுக்கிக்கொள்வது, பையை மாற்றிக் கட்டுவது எல்லாம் நடக்கும். வெளிச்சம் வரும்போது பெட்டி நிறைய மாசமான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிக்கு ஒரு போலீஸ்காரர் எழுந்து இடம் கொடுத்தாராம். அந்த இடத்தில் உட்கார முடியாமல், நிற்கவும் முடியாமல் ஆரியங்காவு வரைக்கும் வந்ததைச் சொல்லிச் சிரித்தார்.

பிரிந்துபோன அண்ணன் தங்கைக்காக நான் ஐந்து மாதம் அழுதிருக்கிறேன். அதே தண்டவாளத்தில் ஒரு பெட்டி நிறையப் பொன்னம்மாக்கள் அரிசியைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டேன். “ஆறு இடங்கழி. சொன்னாப் புரியாது. அடுத்த வாட்டி அரிசி கொண்டா, கட்டிக் காட்டுதேன்” என்றார்.

அடுத்த ஞாயிறு, ஐந்து கிலோ அரிசியோடு ஏறினேன். செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறினார். ரேஷன் அரிசி கடத்தல் இன்றைக்கும் இங்கே நடக்கிற தொழில், அதனால் என் பையைப் பார்த்ததும் முறைத்தார். “என்னம்மா இது?” கடையில் வாங்கிய பில்லைக் காட்டினேன். பில் போடுகிறவள் பில் இல்லாமல் போவாளா? அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார், கடை அரிசிதான். இருந்தாலும் விடவில்லை. “ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு?”

“வயித்துல கட்டிப் பாக்கணும் சார்” என்றேன்.

பஸ் சிரித்தது. அவர் இறங்கிவிட்டார். பாட்டி வீட்டில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து அரிசியைப் போட்டு என் இடுப்பில் இறுக்கிக் கட்டி, நாலு அடி நடக்கவிட்டார். இடது பக்கம் சரிந்தது.

“இப்படிப் போனா பகவதிபுரத்துலயே பிடிச்சிருவான்” என்று சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்த்து முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார்.