தாதி உதவியாளர் செய்முறைப் பரீட்சை: தங்கச்சிமாருக்குச் சில விஷயங்கள்

ஓ.எல். (சாதாரண தரம்) முடித்துவிட்டு தாதி உதவியாளருக்கான என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) படிக்கலாமா என்று நம்ம மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். படிக்கலாம். ஆனால் இந்தச் சான்றிதழை வைத்து அரச ஆஸ்பத்திரியில் தாதியாக முடியாது. அதற்கு உயர்தரமும், அதன்பிறகு தாதியர் கல்லூரிப் பயிற்சியும் வேண்டும். இது தனியார் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு வேலைக்கான வழி. காசு கட்டும் முன், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று கட்டாயம் பாருங்கள். போர்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கடைசி மதிப்பீட்டில் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி கிடையாது. வேலையைச் சரியாகச் செய்தால் தேர்ச்சி, இல்லையென்றால் "இன்னும் தேர்ச்சி இல்லை". மதிப்பீட்டாளர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். குறிப்பை மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய மட்டத்தில் தாங்கிவைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நம்ம குளிரில் பாட்டி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு வருவாவே, அப்போது? அதன் மேலேயே பிரஷர் கருவியின் பட்டியைச் சுற்றக் கூடாது. ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டாலும் அந்தச் சுருள் இறுக்கி அளவு பிழையாகிவிடும். ஸ்வெட்டரின் ஒரு கையை மட்டும் கழற்றச் சொல்லுங்கள், மற்றத் தோளைப் போர்த்திவிடுங்கள். மணிக்கட்டு நாடி நிற்கும் அளவை முதலில் பார்த்து, அதற்கு மேல் இன்னும் 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு 2, 3 மி.மீ. என்று மெதுவாக இறக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முதல் சத்தம் தப்பிவிடும்.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியும் குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும். இலக்கத்தைக் கண்டு பதறாமல் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். ஆள் மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடுங்கள். இரத்தத்தில் சீனி பார்க்கும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவையுங்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தவரின் விரலில் குத்தினால் கூட்டித்தான் காட்டும்! சுவாசத்தை எண்ணும்போது சொல்லாதீர்கள். நாடி பிடித்த கையை எடுக்காமலே ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பாருங்கள். எண்ணுவது தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார்.

கைப்பழக்கம் வந்துவிடும். என் கணக்கில் அதைவிடக் கஷ்டம் கேட்டறிவது. தேயிலைத் தோட்டத்து ஆள் நெஞ்சு வலியை "சும்மா வாயுக்குத்துதான்" என்பார். வேர்க்கிறதா, வலி இடக்கைக்கோ தாடைக்கோ போகிறதா என்று கேளுங்கள். எது இருந்தாலும் "வாயு" என்று எழுதிவிட்டுப் போகாமல் அந்த நொடியே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். அதைச் சிங்களத்தில் சொல்லவேண்டி வரும், நோயாளியின் சாட்டில் (பதிவுத் தாளில்) ஆங்கிலத்தில் எழுதவேண்டி வரும். பயிற்சி தொடங்கும் நாளிலிருந்தே ஆஸ்பத்திரி வாட்டில் பேசும் சிங்களத்தைப் பேசிப் பழகுங்கள், பிழைவிட்டாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற அக்காமார் வகுப்புக்கே போகாமலும் சான்றிதழ் எடுக்கலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. அனுபவத்துக்கான அத்தாட்சிகளோடு தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் விசாரியுங்கள்.