ஒன்றே முக்கால் டாலரில் எண்டெவர் போன வழி

கடுப்பை முதலில் இறக்கி வைத்துவிடலாம். எண்டெவர் விண்வெளி ஓடத்தைப் பார்க்கவென்றே லாஸ் ஏஞ்சலிஸ் போகிறவர்கள், இதை எழுதும் நேரத்தில் அது பார்வைக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போடுங்கள். கலிஃபோர்னியா சயின்ஸ் சென்டர் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தின் தற்காலிகக் கூடத்தில் படுத்த வாக்கில் இருந்தவரைக்கும் கிட்டத்தில் போய் மேலே ஒட்டியிருக்கும் வெப்பக் காப்பு ஓடுகள் ஒவ்வொன்றையும் பார்க்க முடிந்தது. 2023 டிசம்பர் 31-ஓடு அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். 2024 ஜனவரி கடைசியில் ஒரே இரவில் கிரேனில் தூக்கி, எரிபொருள் தொட்டியோடும் இரண்டு பூஸ்டர் ராக்கெட்டுகளோடும் சேர்த்து, ஏவுதளத்தில் நிற்பது போலவே நிமிர்த்தி வைத்தார்கள். அதைச் சுற்றித்தான் 20 மாடி உயரக் கட்டடம் எழும்புகிறது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் 2012-ல் விமான நிலையத்திலிருந்து சயின்ஸ் சென்டருக்கு ஊருக்குள்ளேயே அதை உருட்டிக்கொண்டு வந்த தெரு எங்கும் போய்விடவில்லை. என்னைக் கேட்டால் ஓடத்தை விட அந்த வழிதான் சுவாரசியம். அதற்கு முன்பதிவும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். செலவு, வழி, சாப்பாடு என்று வரிசையாகவே எழுதுகிறேன், முடிந்தவரை.

செலவு. விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு "எங்கே போகணும், சீப்பா கொண்டுபோறேன்" என்று பெட்டியைப் பிடிப்பவர்களிடம் மாட்டாதீர்கள். மீட்டரும் கிடையாது, ரசீதும் கிடையாது. இறங்கும்போதுதான் தொகையைச் சொல்வார்கள். ஆப் டாக்சிக்கும் பெரும்பாலான முனையங்களில் வாசலிலேயே ஏற முடியாது. பெட்டியை இழுத்துக்கொண்டு தனி இடத்துக்குப் போக வேண்டும், அதற்குள் கட்டணம் ஏறியிருக்கும். 2025 ஜூனில் திறந்த மெட்ரோ நிலையத்துக்கு முனையங்களிலிருந்து இலவச பஸ் ஓடுகிறது. அங்கே டாப் கார்டு (காசு ஏற்றி வாசலில் தட்டும் பயண அட்டை) வாங்கிக்கொண்டு கே லைன் ரயிலில் ஏறுங்கள். ஒன்றே முக்கால் டாலர். அதே காசில் இரண்டு மணி நேரத்துக்குள் வேறு ரயிலோ பஸ்ஸோ மாறிக்கொள்ளலாம், நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஐந்து டாலருக்கு மேல் பிடிக்காது. அந்த ஊரில் ஐந்து டாலருக்கு ஒரு காபி கிடைத்தாலே பெரிய விஷயம்.

வழி. 2012 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி எண்டெவர் விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. மான்செஸ்டர் பொலிவார்டு, இங்கிள்வுட், கிரென்ஷா பொலிவார்டு, மார்ட்டின் லூதர் கிங் பொலிவார்டு, கடைசியில் சயின்ஸ் சென்டர் இருக்கும் எக்ஸ்போசிஷன் பார்க். 12 மைல், நம் கணக்கில் 19 கிலோமீட்டர். கை வீசி நடந்தால் நாலைந்து மணி நேரம். எண்டெவர் போய்ச் சேர்ந்தது 14-ஆம் தேதி மதியத்துக்கு மேல். 13-ஆம் தேதி மாலையே வந்துவிடும் என்றுதான் அறிவித்திருந்தார்கள்.

ஏன் அவ்வளவு நேரம் என்பது தெருவில் போய் நின்றால்தான் புரியும். இறக்கை நுனிக்கு நுனி 78 அடி. மூக்கிலிருந்து வால் வரை 122 அடி. தரையில் நிற்கும்போது வால் உச்சி ஏறக்குறைய 57 அடி, வண்டி மேல் ஏற்றினால் இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் கொண்டுபோயிருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது, குறுக்கே போகும் மேம்பாலங்கள் எதன் கீழும் அந்த வால் நுழையாது. இறக்கையைக் கழற்றினால்? உடம்பு முழுக்க ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான வெப்பக் காப்பு ஓடுகளைப் பெயர்க்க வேண்டும், அப்புறம் அது அசலாக இருக்காது. எடை எழுபது டன்னைத் தொடுவதால் ஹெலிகாப்டர் என்ற பேச்சே இல்லை. மிச்சம் இருந்தது ஊருக்குள் போகும் தெரு மட்டும்தான்.

சுமந்தது எஸ்.பி.எம்.டி. என்று தூக்குவேலைக்காரர்கள் சொல்லும் சொந்த எஞ்சினில் நகரும் பலசக்கர வண்டி. நான்கு வண்டிகள், மொத்தம் 160 சக்கரம், கணினி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓட்டும். ஓட்டுநர் இருக்கை கிடையாது. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் கூடவே நடப்பார். நம்மூர்த் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போட்டு நெம்புவோம். இதில் சக்கர வரிசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்புவதால் நண்டு மாதிரி பக்கவாட்டிலும் நகரும். சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்தப் பக்கத்து ஹைட்ராலிக்கை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் தாங்கியை, உயர்த்தி மேல்தளத்தை மட்டமாக வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒரு மரத்தைத் தாண்டி உடனே வலப்பக்கம் ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒதுங்க வேண்டிய தெருவில் இது இல்லாமல் வேலை நடந்திருக்காது. அதிகபட்ச வேகம் மணிக்கு 2 மைல். அதுவும் ஏட்டில்தான், பல இடங்களில் இறக்கை நுனியில் ஆள் நின்று பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி.

தரைக்கு அடியிலும் தொல்லை. பழைய தண்ணீர்க் குழாய், சாக்கடை, எரிவாயு எல்லாம் சாலைக்குக் கீழே ஓடுகின்றன. எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவ, வழியில் சுமார் 2,700 இரும்புத் தகடுகள் விரித்தார்கள். தலைக்கு மேலே சிக்னல் கம்பங்களைக் கழற்றினார்கள், ஓடம் தாண்டியதும் பின்னாலேயே வந்த ஆட்கள் மாட்டினார்கள். இங்கிள்வுட்டில் மின்கம்பியை இறக்கியதில் சில நூறு வீடுகளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. இத்தனை திட்டம் போட்டும் தாமதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அளந்து வைத்ததற்கு மேலும் நீட்டிக்கொண்டிருந்த கிளைகள், வண்டியில் ஒரு ஹைட்ராலிக் கசிவு. இந்த மாதிரி வேலையில் காலை வாருவது எப்போதும் இப்படிப்பட்ட சின்ன விஷயம்தான்.

முதலில் இறங்க வேண்டிய இடம் வெஸ்ட்செஸ்டர்/வெட்டரன்ஸ் நிலையம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், மான்செஸ்டர் பொலிவார்டு 405 நெடுஞ்சாலையைத் தாண்டும் பாலம். பார்த்தால் ஒன்றும் இருக்காது, கீழே கார்கள் இரையும், அவ்வளவுதான். ஆனால் மொத்த வழியிலும் கணக்கு உதைத்த இடம் இது. விண்கலத்தின் எடையோடு அந்தப் பெரிய வண்டிகளின் எடையும் சேர்ந்தால் பாலத்துக்கு அனுமதி கிடையாது. அதனால் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, எடை குறைந்த வேறு சட்டத்துக்கு மாற்றி, அதை இழுக்க ஒரு டொயோட்டா டண்ட்ரா பிக்கப் டிரக்கைப் பூட்டினார்கள். விளம்பரத்துக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பொய்யில்லை: சமதரையில் உருளும் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தை நகர்த்த உருளும் தடையைத் தாண்டினால் போதும், தூக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் போனதும் மறுபடி பழைய வண்டிக்கு மாற்றினார்கள். சில நூறு அடிப் பாலத்துக்காகப் பல மணி நேரம் போனது.

பாலத்தைத் தாண்டினால் ராண்டிஸ் டோனட்ஸ். கூரை மேல் ராட்சத டோனட், அதன் பின்னால் எண்டெவர் போகும் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று வாங்க வேண்டும், உட்கார இடம் இல்லை. மேலே என்னென்னவோ தூவி விலை ஏற்றியவற்றை விட்டுவிடுங்கள். வெறும் சர்க்கரைப் பாகு பூசிய சாதா டோனட், சூடாகக் கிடைத்தால், வாயில் வைத்ததும் கரைகிறது. ஓரத்தில் பாகு காய்ந்து மெல்லிய ஓடு மாதிரி நொறுங்கும், உள்ளே பஞ்சு. இரண்டு வாங்குங்கள். ஒன்று போதும் என்று கிளம்பினால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

இங்கிள்வுட்டில் ஃபோரம் அரங்கத்தின் முன்னால் நின்று மக்களுக்குக் காட்சி கொடுத்த பிறகு கிரென்ஷாவுக்குத் திரும்பியது. ஃபோரத்தை விட்டுவிடலாம், வெறும் வாகன நிறுத்தம்தான் தெரியும். ஹைட் பார்க் நிலையத்தில் இறங்கி வடக்கே நடங்கள். இரண்டு பக்கமும் வீடும் கடையும் நெருக்கும் இந்தத் தெருவில் இறக்கை அடுக்குமாடி வீடுகளுக்குச் சில அங்குலம் தள்ளிப் போனது. ரயில் இங்கே தெரு நடுவில் தரையிலேயே ஓடுகிறது, மேலே மின்கம்பி. 2022-ல்தான் இந்த ரயில் வந்தது. அதாவது இன்றைக்கு எண்டெவர் வந்திருந்தால் இந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்கவே முடியாது! பத்து வருட இடைவெளியில் கிடைத்த வழி அது.

மரக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். சுமார் 400 மரங்களை வெட்டத் திட்டம் போட்டபோது தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் கொதித்தார்கள். நிழலே குறைவான பகுதியில் வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டுக் கன்றை நட்டால் நிழல் எப்போது வரும்? நியாயமான கேள்வி. ஒன்றுக்கு இரண்டு என்று ஆரம்பித்து, கடைசியில் ஆயிரத்துக்கு மேல் நடுவதாக சயின்ஸ் சென்டர் ஒப்புக்கொண்டது. மார்ட்டின் லூதர் கிங் நினைவாக வைத்த பைன் மரங்களைத் தொடவில்லை. அங்கேதான் வண்டி வளைந்து நெளிந்து ஊர்ந்தது. 2016 மே மாதம் எரிபொருள் தொட்டி மரினா டெல் ரே துறைமுகத்திலிருந்து தெருவழி வந்தபோது மரத்தை வெட்டவே வேண்டியிருக்கவில்லை. நீளம் 154 அடி என்றாலும் அகலம் குறைவு, ஒரே நாளில் வந்துவிட்டது. தெருவில் பாரம் கொண்டுபோகிறவனுக்கு எடை, நீளம் எல்லாம் சமாளிக்கக் கூடியவை. அகலம்தான் எமன்.

கடைசியில் எக்ஸ்போ/கிரென்ஷாவில் ஈ லைனுக்கு மாறி எக்ஸ்போ பார்க்/யு.எஸ்.சி. நிலையத்தில் இறங்குங்கள். சயின்ஸ் சென்டரின் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவு இலவசம். காரில் போனால் நிறுத்தக் காசு தண்டம். கே லைனில் ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் ஈ லைன் வாசலில் கார்டைத் தட்டிவிட்டால் இரண்டாவது கட்டணம் பிடிக்காது. டோனட் வரிசையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.