குழாய்க்குக் கீழே ஒரு ஸ்டூல்

மகள் பிறந்தது 2020 ஆகஸ்ட்டில். அரக்கோணத்திலிருந்து அம்மா இ-பாஸ் எடுத்துக்கொண்டு பெரம்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் நான் சானிடைசர் பாட்டிலோடு வாசலில் நின்றேன். "கையை நீட்டும்மா" என்றேன். நீட்டினார். உள்ளங்கை நிறைய ஊற்றினேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். "சரி, குழந்தையைக் குடு" என்றார், அவ்வளவுதான்.

ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கட்டைவிரல் ஓரத்தில் அரிவாள்மனை கிழித்த புதுக் காயம். அதில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எத்தனை தடவை ஊற்றியிருப்பேன்! ஒரு தடவைகூட எரிகிறது என்று சொல்லவில்லை. சொன்னால் பேத்தியைத் தூக்க விடமாட்டேனோ என்ற பயம். இதை இன்று எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

என் பயத்துக்கும் காரணம் இருந்தது. நான் வங்கியில் கேஷ் கவுன்டரில் வேலை செய்கிறேன். மீன்காரர் நோட்டு, ஆட்டோக்காரர் நோட்டு, இடுப்பில் செருகி வியர்வையில் நனைந்த நோட்டு எல்லாம் என் விரலைத் தாண்டித்தான் போகும். அந்த மார்ச்சில் 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு விலை நிர்ணயம் செய்ய வேண்டி வந்தது. அப்படி ஒரு தட்டுப்பாடு. கிடைத்தபோதெல்லாம் வாங்கி அடுக்கினேன். கொரோனா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊஞ்சலைத் தொட்டால் ஒரு சொட்டு, லிஃப்ட் பட்டனைத் தொட்டால் ஒரு சொட்டு. குழந்தையின் விரல் இடுக்கெல்லாம் வறண்டு வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்தது. அதற்கும் எண்ணெய் தடவியது அம்மாதான்.

இரண்டரை வயதில் ஒரு சாயங்காலம். என் கைப்பையில் ஸ்ட்ராபெரி வாசனையோடு ஒரு குட்டி பாட்டில் இருந்தது. குழந்தைகளுக்கென்றே பொம்மை படம் போட்டு விற்றது. நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்த்தால், மூடியைத் திறந்து உள்ளங்கையில் பிழிந்து, பாயசம் நக்குவதுபோல் நக்கிக்கொண்டிருக்கிறாள். கை நடுங்க டாக்டருக்குப் போன் செய்தேன். எவ்வளவு உள்ளே போயிருக்கும், தூக்கமாக இருக்கிறாளா, தள்ளாடுகிறாளா என்று கேட்டார். "வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். இரண்டு நக்கு என்பதால் தப்பித்தோம். கொஞ்சம் கூடுதலாக விழுங்கியிருந்தால், அதில் இருக்கும் ஆல்கஹால் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடுமாம். 2021 ஜனவரி கடைசியில் மகாராஷ்டிராவின் யவத்மாலில், போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக 12 குழந்தைகளுக்குத் தவறுதலாக சானிடைசர் கொடுத்து, அத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களே, அந்தச் செய்தியைப் படித்தவள்தான் நான். படித்தும் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். இப்போது அது மாத்திரைகளோடு மேல் அலமாரியில் இருக்கிறது.

அன்று டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை மாற்றியது. "எல்லாக் கிருமியும் இதுல சாகாதுங்க. வாந்தி பேதி கொண்டுவர நோரோவைரஸ் இதுக்குச் சரியா மசியாது. புழு முட்டையும் சாகாது. சோப்பு கொல்லணும்னுகூட அவசியம் இல்ல, கையை விட்டு இறக்கித் தண்ணியோட அனுப்பிட்டா போதும்" என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் வீட்டில் நாலு பேரும் வாந்தி பேதியில் படுத்திருந்தோம், மேசைக்கு மேசை சானிடைசர் வைத்துக்கொண்டு!

அதைக் கண்ணால் பார்த்தது மெரினாவில். மணலில் வீடு கட்டிவிட்டு மாங்காய் பத்தை வேண்டும் என்றாள். மணல் கையிலேயே ஜெல்லைப் போட்டுத் தேய்த்தேன். கிருமி போனதா தெரியாது. மணலும் ஜெல்லும் குழைந்து நகக் கண்ணில் கரேலென்று அப்பிக்கொண்டது. அழுக்கும் பிசுக்கும் உள்ள கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது என்பது அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தாலே புரிந்தது. அன்றிலிருந்து பையில் ஒரு லிட்டர் தண்ணீர், சோப்பு டப்பா, சின்னத் துண்டு. மின்சார ரயிலில் கைப்பிடியைத் தொட்டுவிட்டு பிஸ்கட் கேட்டால் மட்டும் சானிடைசர். அதற்கு அது நல்ல பொருள். நானே ஊற்றி, காயும் வரை கையைப் பிடித்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு அதுவும் கிடையாது. ஆல்கஹால் பட்ட கையோடு மத்தாப்பு பிடிக்க விடவே கூடாது.

"மண்ணுல விளையாடினாதாங்க எதிர்ப்பு சக்தி வரும், சும்மா கழுவிக்கிட்டே இருக்காதீங்க" என்று பூங்காவில் ஒரு அம்மா சொன்னார். விளையாடட்டும், நானும் விடுகிறேன். ஆனால் நம் தெரு மண்ணில் நாய் அசிங்கம் செய்கிறது, மழை பெய்தால் சாக்கடையும் கலக்கிறது. வருஷா வருஷம் பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுப்பது சும்மா இல்லை. விளையாடி முடித்ததும், சாப்பிடும் முன், கழிப்பறை போய் வந்த பின் சோப்பு போட்டே ஆக வேண்டும். இந்த மூன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இருபது எண்ணும் வரை தேய்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் ஆயா, அதாவது என் அம்மா. பதினாலுக்கு அப்புறம் நேராகப் பதினேழுக்குத் தாவுவாள். "பதினஞ்சு எங்கடி போச்சு?" என்று அம்மா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். ஒரே நுரையில் நாலு கை.

இப்போது யூகேஜி. பள்ளியில் கொடுத்த பட்டியலில் கலர் பென்சிலோடு 500 மில்லி சானிடைசரும் இருந்தது. மதியம் டப்பா திறக்கும் முன் மிஸ் ஆளுக்கு ஒரு சொட்டு விடுகிறாராம். முப்பது பிள்ளைகளை ஒரே ஆளாகப் பார்ப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வராந்தாவில் குழாய் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு எட்டாது. போன வாரம் சானிடைசருக்குப் பதிலாக ஹேண்ட்வாஷ் இரண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். "குழாய்க்குக் கீழ ஒரு ஸ்டூல் போட்டா எட்டும் மிஸ், வரிசையா விட்டுடலாம்" என்றேன். அவரும் ஆசையாகத்தான் கேட்டார். ஆபீசில் சொல்கிறேன் என்றார்.

ஸ்டூல் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. வீட்டில் இருக்கும் மரப் பலகையையே எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.