சென்ற மாத வாசிப்பு: இரண்டு புளியமரங்கள், இரண்டு தீ, இரண்டு சிதம்பரங்கள்

படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. இலக்கியத்துக்கு மார்க் போடுவதா என்று கோபப்படும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அந்த எண் புத்தகத்துக்கு உரியதாக இருப்பதைவிட, அந்த மாதத்தில் நான் இருந்த மனநிலைக்கு உரியதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதனால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுத நான் தயங்குவதில்லை. இந்த மாதமும் ஓரிடத்தில் அப்படி அடிக்க வேண்டியிருந்தது.

திட்டம் எதுவும் போட்டு இந்த மாதம் வாசிக்கவில்லை. அலமாரியைத் தூசி தட்டும்போது கைக்கு வந்த பழைய நாவல்களை வரிசையாக எடுத்தேன், அவ்வளவுதான். மூன்றாவது புத்தகத்தின் பாதியில்தான் எல்லாமே மரத்தைச் சுற்றி வருவதைக் கவனித்தேன்.

முதலில் எடுத்தது சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. 1960களின் இறுதியில் வந்த நாவல். கல்லூரி நாட்களில் ஒருமுறை படித்து, மெதுவாக நகர்கிறது என்று சலித்துக்கொண்டு மூன்று மதிப்பெண் போட்டிருந்தேன். வெளிநாட்டில் பொருள் சேர்த்துத் தாயின் ஊருக்குத் திரும்பும் சிதம்பரம் என்பவன், கரும்பாலை அமைப்பதற்காகப் பெரியதொரு தோட்டத்தை விலைக்கு வாங்குகிறான். தோட்டம் என்று பெயரே தவிர அது ஒரு வனம். அதை அழித்தால்தான் ஆலை எழும். நாவலின் பெரும்பகுதி அந்த அழிப்புதான். முதலில் அரிவாளும் கோடரியுமாகக் கொடிகளை அறுத்துப் பாதை உண்டாக்குகிறார்கள். நாட்கணக்கில் உழைத்தும் வனம் பெரிதாகக் குறையவில்லை என்று தெரிந்த பிறகு தீ வைக்கிறார்கள்.

இருபது வயதில் எனக்குச் சலிப்பூட்டிய அதே பக்கங்கள்தான் இம்முறை என்னைப் பிடித்து உட்கார வைத்தன. ஒரு கொடியை வெட்டி இழுத்தால் அது எந்த மரத்தில் சுற்றியிருக்கிறது, அந்த மரம் எதன்மேல் சாய்ந்திருக்கிறது, எதை முதலில் வெட்டினால் எது விழும் என்பதையெல்லாம் கந்தசாமி ஒரு வேலைக்காரனின் கண்ணோடு எழுதுகிறார். சிதம்பரத்தின் மீது அவருக்குக் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. உழைப்பாளியான, பிடிவாதமான, ஊராரிடம் மரியாதையாகவே நடந்துகொள்ளும் ஒரு மனிதன் ஒரு வனத்தை எரிக்கிறான் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். சுற்றுச்சூழல் என்ற சொல் தமிழில் இந்த அளவுக்குப் புழங்காத காலத்தில், கண்டனமாக ஒரு வரிகூட எழுதாமல் இப்படியொரு நாவலைத் தன் இருபதுகளில் இருந்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. சாகித்ய அகாதமி அவருக்கு விருது கொடுத்தது 1998இல், 'விசாரணைக் கமிஷன்' நாவலுக்காக. என்னைக் கேட்டால், 'சாயாவனம்' ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

நாவல் ஒரு புளியந்தோப்பின் முகப்பில் தொடங்குகிறது. முடிவும் புளியில்தான். ஆலை வந்துவிட்டது, கரும்பும் வருகிறது. ஆனால் ஊருக்கு இதுவரை அந்தத் தோப்பு கொடுத்துவந்த புளி இப்போது இல்லை. கடையில் வாங்கும் புளி பழைய புளிபோல இல்லை என்று குறைப்படும் ஒரு மூதாட்டியிடம், நல்ல புளியாகப் பார்த்து அனுப்புவதாகச் சிதம்பரம் சொல்கிறான். எல்லாவற்றையும் எரித்துவிட்டாயே, இனி எங்கிருந்து அனுப்புவாய் என்ற பொருளில் அவள் திருப்பிக் கேட்கிறாள். வனம் எரிந்ததை எத்தனையோ பக்கங்களில் படித்தும் வராத கலக்கம், குழம்பில் கரைக்கும் புளியைப் பற்றிய இந்த ஒரு கேள்வியில் வந்துவிடுகிறது.

இதை என் அம்மாவிடம் சொன்னபோது, அவர் கதையை விட்டுவிட்டுப் புளியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பங்குனி மாதத்தில் ஒரு வருடத்துக்கான புளியை மொத்தமாக வாங்குவார்கள். அம்மாவும் பாட்டியும் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைக் கல்லின் மேல் வைத்துச் சிறிய இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். பிறகு வெயிலில் காயவைத்து, கல்லுப்பைத் தூவி அடுக்கடுக்காகப் பானையில் அமுக்கி வைப்பார்கள். கொட்டைகள் எங்களுக்குத் தாயம் விளையாட வந்து சேரும். "இந்த மரத்துப் புளி, அந்த மரத்துப் புளின்னு நாக்குக்குத் தெரியும். இப்ப பாக்கெட்ல வர்றது எல்லாம் ஒரே புளிதான்" என்றார் அம்மா. நாவலின் மூதாட்டி சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். நோட்டில் இருந்த மூன்றை அடித்துவிட்டு நாலரை என்று எழுதினேன். அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், சிதம்பரத்தைத் தவிர மற்ற மனிதர்கள் மரங்கள் அளவுக்கு மனதில் நிற்கவில்லை.

அடுத்தது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). இதை நான்காவது முறையாகப் படிக்கிறேன் என்று நினைக்கிறேன். தாகத்தோடு ஊர்க் கரைக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை, காதில் கிடக்கும் நகைக்காக ஒரு கள்வன் தண்ணீரிலேயே அமுக்கிக் கொல்வதும், அவள் சாகும்போது அவன் கால் பெருவிரலைக் கடித்த வாயை விடாமலே சாவதுமாகக் கதை தொடங்குகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்தப் பல்லின் பிடி வாசகனையும் விடுவதில்லை. அதன் பிறகு, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு தேசத்திலிருந்து தங்கள் முன்னோர்கள் ஏன் ஓடி வந்தார்கள், இந்தக் கரிசல் மண்ணில் எப்படி ஊன்றினார்கள் என்று சொல்லத் தொடங்குகிறார்.

வந்தவர்கள் குடியேற நிலம் வேண்டும், நிலமெல்லாம் காடாக இருக்கிறது. அவர்களும் தீதான் வைக்கிறார்கள். 'சாயாவனம்' படித்த சூட்டோடு இந்தப் பகுதிக்கு வந்தபோது ஒரு கணம் நிறுத்திவிட்டேன். தீயும் மரமும் ஒன்றுதான். ஆனால் அங்கே அது ஓர் அழிவாகவும் இங்கே ஓர் ஊரின் பிறப்பாகவும் தெரிகிறது. ஏன் அப்படித் தெரிகிறது என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். எரித்தவர்கள் வீட்டுப் பாட்டி வாயால் கேட்பதால்தான் என்று தோன்றுகிறது. அந்தக் காட்டில் ஏற்கனவே யாராவது இருந்திருந்தால், அவர்கள் வீட்டுப் பாட்டி இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பார். கி.ரா. இதை யோசிக்காதவர் இல்லை, ஆனால் இந்த நாவலில் அவர் அதற்குள் போகவில்லை. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டப்பெயர் கொண்ட அத்தனை மனிதர்களும், அவர்களுடைய கேலியும், கும்பினி ஆட்சி போய் மகாராணி ஆட்சி வரும் செய்தியோடு கதை ஓயும் விதமும் சேர்ந்து முழு ஐந்தையும் வாங்கிக்கொண்டன. இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. எனக்கு அதைவிட இதுதான் பிடிக்கும்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) மூன்றாவதாக வந்தது. இதை வாசித்தபோது ஒரு சின்ன விபத்து. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி அது. ஒரு பாரம் முழுக்க, அதாவது பதினாறு பக்கங்கள், இரண்டு முறை தைக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த பாரம் காணவில்லை. யார் தைத்தார்களோ, புண்ணியவான், தாமோதர ஆசான் கதை சொல்லி உச்சத்துக்குப் போகும் இடத்தில் என்னை மறுபடி பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டார். விடுபட்ட பக்கங்களை நண்பரிடமிருந்த வேறு பிரதியில்தான் படித்து முடித்தேன்.

இந்த நாவலின் முன்பாதி ஆசானுடையது. ஊருக்கு நடுவே நிற்கும் மரம் முன்பு ஒரு குளத்துக்கு நடுவே நின்றது, மகாராஜா அந்த வழியாக வந்தபோது குளத்தின் நாற்றம் மூக்கைத் துளைத்ததால் குளம் தூர்க்கப்பட்டது என்றெல்லாம் அவர் சொல்லும்போது, நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆசான் மறைந்த பிறகு கதை முச்சந்திக் கடைகளுக்கும் நகரசபைத் தேர்தலுக்கும் பத்திரிகைச் செய்திக்கும் நகர்கிறது. இரண்டு வியாபாரிகளின் பகை ஒரு மரத்தின் தலையில் வந்து விடிகிறது. இந்தப் பின்பாதியில் அங்கதம் கூர்மையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஆசான் இல்லாத வெறுமையை என்னால் கடைசிவரை தாண்ட முடியவில்லை. சுதந்திரம் வந்த பிறகு காற்றாடி மரத்தோப்பை வெட்டிவிட்டுப் பூங்கா அமைக்கும் பகுதி மட்டும் விதிவிலக்கு. நிழல் தந்த மரங்களை அழித்துவிட்டு, நிழலுக்காகச் செடி நடும் வேலை இன்று எந்த நகராட்சியிலும் பார்க்கக் கிடைப்பதுதான். நாலு மதிப்பெண்.

அதே தென்திருவிதாங்கூர் மண்ணில், 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்தக் குமரி மாவட்டத்தில் நிகழ்வதுதான் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964). திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் எழுதியது என்பதற்கான தடயம் எதுவும் இதன் மொழியில் இல்லை. பனைவிளை என்ற ஊரில் நொடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டின் முதியவரான கண்ணப்பச்சி, பேத்தி லிஸி. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியை, வயது வந்ததும் வீட்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவளுடைய உலகம் முற்றமும் அடுக்களையும்தான். பனையேறும் தங்கராஜ் மீது அவளுக்கு வரும் அன்பை ஹெப்சிபா மிகக் குறைந்த சொற்களில் எழுதுகிறார். இருவரும் ஒரே சாதி, ஒரே சபை. ஆனால் பனையை உடையவர்களுக்கும் பனையில் ஏறுபவர்களுக்கும் நடுவே உள்ள தூரம் அந்தப் பனையின் உயரத்தைவிட அதிகம் என்பதுதான் நாவல்.

புளியமரம் ஊருக்கே பொதுவாக நின்றது. பனை அப்படியில்லை, ஒவ்வொரு மரத்துக்கும் உடைமைக்காரர் ஒருவரும் அதில் ஏறுபவர் ஒருவரும் இருக்கிறார்கள். அக்கானி, அதாவது பதநீர், இறக்கும் பருவத்தில் ஊருக்கே ஒரு சுறுசுறுப்பு வருவதையும், கருப்புக்கட்டி காய்ச்சும் புகையையும் இந்த நாவலின் வழியாக அறிய வருபவர்களுக்கு, அந்தப் பகுதியின் பேச்சுத் தமிழ் முதலில் கொஞ்சம் தடுக்கும். இருபது பக்கம் பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். கடைசிப் பகுதியில் ஒரு கொலை வந்து கதையை அவசரப்படுத்துகிறது. அதுவரை நாவலுக்கு இருந்த நிதானம் அங்கே குலைகிறது என்பது என் குறை. நாலே கால் என்று எழுதியிருக்கிறேன், காலெல்லாம் போடுவது அபத்தம் என்று தெரிந்தே.

பூமணியின் 'வெக்கை' (1982) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் 'அசுரன்' படம் வந்த பிறகு இந்த நாவலைப் பலர் வாங்கினார்கள். படத்தில் தந்தை மையத்துக்கு வந்துவிடுகிறார், நாவல் கடைசிவரை மகனுடையது. அந்தப் பதினைந்து வயது மகனின் பெயரும் சிதம்பரம். ஒரே மாதத்தில் இரண்டு சிதம்பரங்கள்: ஒருவன் வனத்தை அழிக்கிறான், இன்னொருவன் கொலை செய்துவிட்டுக் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து பிழைக்கிறான். ஒளிந்திருக்கும் நாட்களில் தந்தையும் மகனும் எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எப்படிப் புகை தெரியாமல் சமைக்கலாம் என்று பேசிக்கொள்ளும் இடங்களுக்காகவே இதை மீண்டும் படிக்கலாம். நாலு.

ஒரு புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். அண்மையில் வந்த, பலரும் பாராட்டிய நாவல். எழுதியவர் இப்போதுதான் தொடங்கியிருப்பவர் என்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் ஒரு காடு வருகிறது. நூற்றிருபது பக்கங்கள் படித்தும் அந்தக் காட்டில் நிற்கும் ஒரு மரத்தின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. 'அடர்ந்த மரங்கள்', 'உயர்ந்த மரங்கள்', 'பெயர் தெரியாத பறவைகள்' என்றே போகிறது. வேறொரு மாதத்தில் படித்திருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கந்தசாமிக்குப் பிறகு படிக்க நேர்ந்தது அந்தப் புத்தகத்தின் துரதிர்ஷ்டம். மதிப்பெண் போடவில்லை.

மாதம் முழுவதும் இடையிடையே புரட்டிக்கொண்டிருந்தது சு. தியடோர் பாஸ்கரனின் சூழலியல் கட்டுரைகள். 'வனவிலங்கு' என்றால் அதில் பூச்சிக்கும் பறவைக்கும் செடிக்கும் இடமில்லை, 'காட்டுயிர்' என்றால் எல்லாம் அடங்கும் என்பது போன்ற அவருடைய சொல் அக்கறை, அஞ்சல் துறையின் உயர் பதவியில் இருந்த ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே படிக்கிறேன். கால்வாசிகூட முடியவில்லை. அடுத்த மாதக் கணக்கில்தான் வரும்.

மேசையில் அடுத்துக் காத்திருப்பது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. அம்மா 'சாயாவனம்' பிரதியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசிக்கிறார். நேற்று, அவன் இன்னும் தீ வைக்கவில்லை என்றார்.